நீதமான மனிசன்

சின்னும்மா எங்கள் வீட்டுக்கு வந்த நாளில் அவருக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதினொன்று. வாப்பா இரண்டாம் மனைவியாகக் கூட்டிவந்தவருக்கு உம்மாதான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அலவத்துகொடையில் எங்களுடையது தனிக் கூட்டம். ஊர்ப் பள்ளிவாசலுக்குக்கூட எங்கள் ஆண்கள் போவதில்லை. யாருக்கு எத்தனை மனைவி, எந்தப் பெண் எப்போது படிப்பை நிறுத்துவது, எல்லாம் எங்கள் கூட்டத் தலைவரான ஷெய்கு வைத்ததுதான் சட்டம். பெண்களிடம் பொறுமையை மட்டும் கேட்டார்கள். அந்தச் சொல் காதில் விழுந்தால் இன்றும் எனக்கு உடம்பு எரிகிறது.

எனக்குப் பதினாறு வயதானபோது, ஷெய்கின் தம்பிக்கு என்னை மூன்றாம் மனைவியாகக் கொடுப்பதென்று முடிவானது. வாப்பா அதைப் பெருமையோடு வந்து சொன்னார். "இந்தப் புள்ள படிக்கட்டும். எனக்குச் செஞ்சது போதும்" என்று சின்னும்மாதான் வாய் திறந்தார். வாப்பா அவரைக் கன்னத்தில் அறைந்தார். மறுநாள் வாப்பா கடைக்குப் போனதும் உம்மா என் பள்ளிச் சீருடையை ஒரு பையில் திணித்துச் சின்னும்மாவிடம் நீட்டினார். சின்னும்மா என்னைக் கண்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய் மாமா வீட்டில் விட்டார். "திரும்பி வராத, மகள்" என்றார். அவர் மட்டும் திரும்பினார். அவருடைய கைக்குழந்தையான மகன் அந்த வீட்டில் இருந்தான்.

அந்த வாரமே வாப்பா அவருக்குத் தலாக் சொன்னார். மகனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். உன் தாய் ஓடிப்போனவள் என்று சொல்லியே அவனை வளர்த்தார்கள். உம்மா இறந்தபோது மய்யித்தைப் பார்க்கக்கூட என்னை உள்ளே விடவில்லை. நான் ஆசிரியையானேன். கடுகண்ணாவையில் தையல் தைத்துப் பிழைத்த சின்னும்மாவை மட்டும் போய்ப் பார்த்துவருவேன்.

போன மாதம் வாப்பா மவுத்தானார். அவர் இறந்த அன்றுதான் அந்த வீட்டுப் படியை மறுபடி மிதித்தேன். முற்றத்தில் ஒருவர், "ரெண்டு பொஞ்சாதியயும் நீதமா வெச்ச மனிசன்" என்று உருகிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "எந்த நீதம்?" என்று கத்தினேன். நடந்ததையெல்லாம் அத்தனை ஆண்களுக்கும் கேட்கச் சொன்னேன். சின்னும்மாவின் மகன், மீசை முளைத்த என் தம்பி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"ராத்தா, அவங்க எங்க ஈக்கிறாங்க?"

மறுநாள் அவனைக் கடுகண்ணாவைக்குக் கூட்டிப்போனேன். கதவைத் திறந்த சின்னும்மா, என் பின்னால் நின்ற வாலிபனைக் கண்டதும், அந்நிய ஆணுக்கு முன்னால் செய்வதுபோலச் சட்டென்று முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"ஆரு மகள், இவரு?"