கொட்டாங்குச்சி எண்ணெய் வைத்த பல்

எனக்குக் கூடப்பிறந்தது அண்ணன் ஒருத்தன்தான். பொள்ளாச்சியில் கொப்பரைக் களத்தில் வேலை பார்த்தான். கடைவாய்ப் பல்லில் குழி விழுந்து துடித்தபோது, எங்கள் சித்தப்பா கொட்டாங்குச்சியைச் சுட்டு, வடிந்த கறுப்பு எண்ணெயைப் பஞ்சில் தொட்டுக் குழிக்குள் வைத்தார். வலி உடனே நின்றது.

"டாக்டருக்கு எதுக்குங்க தண்டம் அழுவோணும்?" என்று ஊரெல்லாம் பெருமையடித்தார். நாங்களும் நம்பினோம். போனது வலி மட்டும்தான். சீழ் உள்ளே பரவிக்கொண்டிருந்தது. தாடை வீங்கி, கழுத்து வீங்கி, மூச்சுவிட முடியாமல் பெரியாஸ்பத்திரியில் அண்ணன் செத்துப்போனான்.

துக்கம் கேட்க வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சித்தப்பா அவர் பக்கம் நகர்ந்தார்.

"ஏனுங்க, பல்வலிங்களா? கொட்டாங்குச்சி எண்ணெய் ஒரு சொட்டு வெச்சுப்போடுங்க. பறந்துரும்."

எனக்கு அழுகை நின்றுவிட்டது.

"வெச்சுக்கோங்க மாமா. உங்க பாடைக்கும் சித்தப்பாவே மூங்கில் வெட்டிக் குடுப்பாருங்க" என்றேன்.

"எழவு ஊட்டுல பேசற பேச்சாடா இது?" என்று சித்தப்பா கத்தினார். தோட்டத்துக்காரர் எழுந்து, பல் டாக்டரிடம் போக பஸ் ஏறினார்.

அண்ணன் செத்தும் சித்தப்பா என்கிற அந்த ஆளுக்கு உறைக்கவில்லை. அவர்மேல் உனக்குக் கோபமா என்று சிலர் கேட்கிறார்கள். கோபப்படும் அளவுக்குக்கூட அவரை நான் மதிப்பதில்லை.