எட்டாவது வீரனின் தலை

1. பதினாறு பற்கள்

இந்த வேலைக்கு வந்த முதல் நாள் ஒரு பூதத்தின் வாய்க்குள் பதினாறு பற்கள் வைத்தேன். மேல்வரிசை மட்டும். கீழ்வரிசையை உதடு மறைத்துவிட்டது. இல்லாவிட்டால் அங்கேயும் பதினாறு வைத்திருப்பேன்.

அதற்கு முன் இருபத்தொன்பது வருடம் பொரளையில் ஒரு பல் லாபில் இருந்தவன் நான். டொக்டர்மார் அனுப்பும் வாய் அச்சைப் பார்த்துச் செயற்கைப் பல் செய்வது தொழில். முதலில் மெழுகும் கத்தியும். பிறகு லாபுக்குக் கணினி வந்தது. திரையில் பல்லைச் செதுக்கி முப்பரிமாண ரெசின் பிரின்டரில் எடுக்கப் பழகினேன். அறுபதில் ஓய்வு தந்தார்கள். கொட்டாஞ்சேனை ஃபிளட்டில் நாலு மாதம் இருந்தேன். கட்டடத்துப் படிகள், எதிர்வீட்டு ஜன்னல் கம்பிகள், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லொறிகள் என்று எண்ணக்கூடியவற்றையெல்லாம் எண்ணி முடித்தபோது மனைவி சொன்னாள்: "நீங்க எங்கயாவது வேலைக்குப் போங்க. இல்லாட்டி நான் போறன்."

அப்படித்தான் வெள்ளவத்தைக்கு வந்தேன். கடல் பக்கத்து ஒழுங்கையில், ஒரு சாரிக் கடையின் மேல்மாடியில் சுகந்தியின் வேலைத்தளம் இருக்கிறது. மேசை விளையாட்டுக்கான சிற்றுருவங்கள் செய்கிற இடம். சதுரங்கக் காய்கள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒவ்வொரு காயும் ஓர் ஆள். வாள்வீரன், சூனியக்காரி, குள்ளன், பூதம். வெளிநாடுகளில் பெரிய ஆட்களே மேசையைச் சுற்றி நின்று இவற்றை நகர்த்தி மணிக்கணக்காக ஆடுகிறார்கள். உயரம் முப்பத்திரண்டு மில்லிமீற்றர். உள்ளங்காலிலிருந்து கண்வரைதான் கணக்கு. உச்சிவரை அளந்தால் ஒருவனுக்குத் தொப்பி இருக்கும், ஒருவனுக்குக் கொம்பு இருக்கும், கணக்கு குழம்பும்.

பரீட்சைக்கு என்னிடம் தந்தது அந்தப் பூதத்தின் தலை. ஒவ்வொரு பல்லையும் முறைப்படி செதுக்கினேன். பிரின்ட் வந்ததும் சுகந்தி அதை விளக்குக்குக் கீழே பிடித்தாள்.

"அங்கிள், பல்லெங்க?"

"பதினாறும் இருக்கு. திரையில பாருங்க."

"திரையை ஆர் வாங்கப் போகினம்?"

பக்கத்து மேசையில் பரீனா இருந்தாள். கொம்பனித்தெருவிலிருந்து வருபவள், மாதிரி உருவங்களுக்குப் பெயின்ட் அடிப்பது அவள் வேலை. தன்னுடைய ஆகச் சின்னத் தூரிகையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"அங்கிள், இந்தத் தும்பு போகாத எடத்துல நீங்க என்னத்தச் செஞ்சாலும் அது இல்லாத சாமான். பூதத்துக்கு மூணு பல்லுப் போதும். அதுலயும் ஒண்டு ஒடஞ்சீக்கட்டும்."

மூன்று வைத்தேன். ஒன்றை உடைத்தேன். பூதம் சிரித்தது. பதினாறு பல்லோடு அது சிரிக்கவே இல்லை.

2. கொஞ்சம் என்றால் எவ்வளவு

வளர்ந்த மனிதனின் உயரம் ஏழரைத் தலை என்று உடற்கூற்றில் படித்திருந்தேன். என் முதல் வாள்வீரனை அந்தக் கணக்கிலேயே செய்தேன். தலை நாலரை மில்லிமீற்றருக்குச் சற்று மேல். மணிக்கட்டு ஒரு மில்லிமீற்றர். பிரின்ட் எடுக்கும்போது முண்டுகொடுத்து நிற்கும் சப்போர்ட் குச்சிகளைக் கழற்றியதும் கையும் கூடவே கழன்றது. வாள் நூல் மாதிரி வளைந்தது.

"பாவம். சாப்பிட்டு எத்தின நாளோ" என்றாள் பரீனா.

சுகந்தி என் கதிரையை இழுத்து அந்தப் பக்கம் வைத்தாள். "இருந்து பாக்காதேங்கோ அங்கிள். எழும்பி நிண்டு பாருங்கோ. விளையாடுறவன் மேலயிருந்துதான் பாக்கிறான்."

எழும்பி நின்றேன். மேலிருந்து பார்த்தால் தலையும் தோளும் கையும்தான் தெரிகின்றன. கால் பாதி ஒளிந்துவிடுகிறது. அந்தத் தூரத்தில் ஆளை ஆளாகக் காட்ட வேண்டுமானால் தலை கொஞ்சம் பெரிதாக வேண்டும், கை கொஞ்சம் தடிக்க வேண்டும், துணி மடிப்பு கொஞ்சம் ஆழமாக வேண்டும். எவ்வளவு கொஞ்சம்? கூடினால் அது குழந்தைகள் கடிக்கும் பொம்மை ஆகிவிடும். குறைந்தால் பசி வந்த ஆள். இதற்கு அளவு எழுதிய புத்தகம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. பல் லாபில் 'கொஞ்சம்' என்ற சொல்லே கிடையாது. அந்தச் சொல் என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை. கரையோர ரயில் போகும்போதெல்லாம் கட்டடம் அதிர்ந்து பிரின்ட் கெட்டுவிடுமோ என்று போய்ப் பிரின்டர்மேல் கை வைப்பேன்; திரும்பி வந்தால் தலையை இன்னொரு தரம் அளப்பேன்.

3. ஒரு பெட்டி, எட்டுப் பேர்

ஆறாவது வருடம் ஒரு வெளிநாட்டு விளையாட்டுக் கம்பனி எங்களிடம் ஒரு பெட்டி கேட்டது. ஒரு துறைமுகக் கோட்டையின் காவலர் எட்டுப் பேர்: தலைவி, வில்லாளி, ஈட்டிக்காரன், பறையடிப்பவன், விளக்குக்காரி, சமையல்காரன், குள்ளன், கடைசியாக ஒரு கிழட்டு வாள்வீரன்.

சுகந்தி எங்கள் இருவரையும் இருத்தி வைத்துச் சொன்னாள். "இந்தப் பெட்டியை அவங்கள் எடுத்தா அடுத்த பெட்டியும் எங்களுக்குத்தான். எடுக்காட்டி நான் இந்த மாடியைத் திருப்பிக் குடுத்திட்டு அக்காவிட்டப் போறன். சும்மா வெருட்டேல்லை."

அவள் வெருட்டுகிற ஆள் இல்லை. எனக்கு மறுபடியும் ஜன்னல் கம்பிகள் ஞாபகம் வந்தன.

ஒவ்வோர் ஆளாகச் செய்தேன். ஒன்று முடிந்ததும் படம் எடுத்து அனுப்புவோம், அவர்கள் சரி என்பார்கள், அடுத்ததைத் தொடங்குவேன். ஒவ்வொன்றிலும் ஏதாவது கற்றுக்கொண்டேன். வில்லாளியில் கண்ணுக்குமேல் நிழல் விழ நெற்றியைச் சற்றுத் தள்ளினேன். பறையடிப்பவனில் விரல்களைத் தனித்தனியாகச் செதுக்காமல் இரண்டிரண்டாகச் சேர்த்தேன். விளக்குக்காரியில் மடிப்புகளைக் குறைத்து ஆழமாக்கினேன். முன்னைய ஆளைப் பக்கத்தில் வைத்துத் தலையை அளப்பேன். பத்தில் ஒரு மில்லிமீற்றர் கூடியிருக்கும். அது பிழையில்லை, திருத்தம் என்று நினைத்தேன்.

எட்டாவது ஆள் தானாகவே வந்தான் என்று சொல்ல வேண்டும். ஒட்டிய கன்னம், பெரிய காது, வாளை ஊன்றிய, முட்டி புடைத்த இரண்டு கைகள். பிரின்டைக் கழுவி மேசையில் வைத்தபோது சுகந்தி அதை மூன்று பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பரீனா பகிடி விடவில்லை. இதைவிடப் பெரிய பாராட்டு அந்த மாடியில் கிடையாது.

4. தட்டில் நின்றவர்கள்

குழுப் படம் எடுப்பதற்காகப் பரீனா எட்டுப் பேருக்கும் சாம்பல் பிரைமர் அடித்து ஒரு தட்டில் வரிசையாக நிறுத்தினாள். அவர்கள் எட்டுப் பேரும் ஒன்றாக நின்றது அன்றுதான் முதல் தடவை.

"அங்கிள், இஞ்ச வாங்க. இந்த மனிசன் யாரு?"

"எட்டாவது ஆள். கிழட்டு வாள்வீரன்."

"அது வெளங்குது. இவரு ஏன் இவங்களோட நிக்கிறாரு? தலைவியப் பாருங்க. இவருக்குப் பேத்தி மாதிரி ஈக்கிறா. அதுவும் வேற நாட்டுல பொறந்த பேத்தி."

சிரிப்பு வரவில்லை. கலிப்பரை எடுத்தேன். அதன் இரண்டு அலகுக்கிடையில் பிடித்து அளந்தால் தலைவியின் தலை ஐந்து தசம் இரண்டு மில்லிமீற்றர். வில்லாளி ஐந்து தசம் மூன்று. அப்படியே ஏறி ஏறி, கிழவன் ஐந்து தசம் ஒன்பது. தலைவியின் மேலங்கியில் பதினொரு மடிப்பு, கிழவனுடையதில் நாலு. அவளுடைய அங்கி துணி. அவனுடையது மரத்தில் வெட்டியது போல. ஒவ்வொருவனையும் அவனுக்கு முந்தினவனோடு மட்டுமே ஒப்பிட்டிருந்தேன். ஒருவனையாவது முதல் ஆளோடு வைத்துப் பார்க்கவில்லை.

சுகந்தி வந்து பார்த்தாள். பார்த்துவிட்டுக் கதிரையில் இருந்தாள்.

"ஒவ்வொண்டும் வடிவு. சேத்து வச்சா ரெண்டு பெட்டி."

"மற்ற ஏழு பேரையும் கிழவன்ட அளவுக்குக் கொண்டு வாறன். எனக்கு இப்பதான் கை சரியா வந்திருக்கு" என்றேன்.

"முதல் மூண்டுக்கும் அங்க அச்சு வெட்டியாச்சு. தலைவியின்ர முகம் பெட்டி மட்டையிலயும் அடிச்சாச்சு. இனி அவள் அசைய மாட்டாள் அங்கிள். கிழவன்தான் இறங்கி வரோணும். வெள்ளிக்கிழமைக்கு மற்ற அஞ்சும் போகோணும்."

"நான் செய்ததில இதுதான் சரியான ஆள்."

"தெரியும். அதுதானே பிரச்சினை."

பரீனா ஒரு யோசனை சொன்னாள். தலைவியின் தலைக்கவசத்துக்கு வெளிர் நிறம் அடித்தால் தலை பெரிதாகத் தெரியும். கிழவனுடைய முடிக்குக் கரும் நிறம். செய்தும் காட்டினாள். உண்மையில் தெரிந்தது. பிறகு அவளே தூரிகையைப் போட்டாள்.

"பெட்டிக்குள்ள போறது வெறும் சாம்பல் தானே. பெயின்ட் அடிக்கிறது வாங்கினவன்ட வீட்டுல. நான் அங்கயெல்லாம் போயா அடிக்கிற?"

அன்று கிழவனின் தலையை மட்டும் சுருக்கிப் பார்த்தேன். நண்டானான். இரண்டு பக்கமும் பெரிய கை, நடுவில் ஒரு மிளகு. உடம்பு முழுவதையும் சுருக்கினேன். கண் உயரம் குறைந்து குள்ளனுக்கு அண்ணன் ஆனான். கழுத்தை மெலிதாக்கினேன், தலை விழப்போவது போல இருந்தது. வீட்டுக்குப் போனாலும் மேசையில் உப்புப் போத்தலையும் மிளகாய்த்தூள் போத்தலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி போத்தல்களை எடுத்து அலுமாரிக்குள் வைத்தாள்.

5. கோவிலில் ஒரு பல்

ஞாயிறு பூசைக்கு மாதா கோவிலுக்குப் போனோம். பாடற்குழுவில் ஒரு மனிதர் வாயை நன்றாகத் திறந்து பாடினார். அவருடைய முன்பல் ஒன்று மட்டும் வெள்ளை வெளேர் என்று இருந்தது. மற்றவை தேத்தண்ணி குடித்த பற்கள். அந்தப் பல்லைச் செய்தவன் கெட்டிக்காரன். விளிம்பு, வளைவு எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மனிதரைப் பார்த்தால் பல்தான் தெரிந்தது, மனிதர் தெரியவில்லை.

"என்ன அந்த மனிசனையே பாக்கிறீங்க?" என்று மனைவி இடித்தாள்.

"வெள்ளையான பல்லு நல்ல பல்லில்லை" என்றேன்.

"பூசை நேரம் பேசாம இருங்க."

லாபில் இதை எத்தனை தரம் செய்திருப்பேன். பக்கத்துப் பல்லில் ஒரு மஞ்சள் கீறல் இருந்தால் புதுப் பல்லிலும் அந்தக் கீறலைப் போடுவோம். தேய்ந்த விளிம்பு என்றால் புதியதையும் தேய்ப்போம். அழகான பல்லைக் கெடுக்கிறோம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்த வாய்க்கு அதுதான் பல். ஆனால் இந்த மாடிக்கு வந்தபிறகு வாயை மறந்து பல்லை மட்டும் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை எட்டு ஃபைல்களையும் முதல் தடவையாக ஒரே திரையில் திறந்தேன். முதல் மூவரும் அசையாதபடி பூட்டினேன். கிழவனைத் தலைவிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். தலை ஐந்து தசம் மூன்றுக்கு வந்தது. அதோடு கையும் கழுத்தும் காதும் இறங்கின. அது சுலபம். கடினமானது மற்றது. ஆழமான நாலு மடிப்பை மூடிவிட்டு ஆழமில்லாத ஒன்பது மடிப்பு வெட்டினேன். ஒட்டிய கன்னத்தை நிரப்பினேன். சேர்த்து வைத்திருந்த விரல்களைப் பிரித்தேன். இந்தப் பெட்டியில் கற்றுக்கொண்டதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தேன். இடையில் இரண்டு தரம் எழும்பிக் கடற்கரைத் தண்டவாளம் வரைக்கும் போய் வந்தேன். பிறகு நாலாம் ஆளிலிருந்து ஏழாம் ஆள் வரைக்கும் அதே வேலை.

வியாழக்கிழமை பரீனா மறுபடியும் தட்டில் நிறுத்தினாள். நான் கலிப்பரை எடுத்தேன். அவள் அதைப் பிடுங்கி மேசை லாச்சிக்குள் போட்டாள்.

"கண்ணால பாருங்க."

எழும்பி நின்று பார்த்தேன். எட்டுப் பேர் நின்றார்கள். கிழவனைத் தேடித்தான் கண்டுபிடித்தேன்.

"இப்ப இவங்க ஒரே வாசல்ல காவல் நிக்கலாம்" என்றாள்.

6. பதில்

பெட்டி போய்ப் பதில் வரும்வரை நான் கரையோர ரயில்களை எண்ணிக்கொண்டிருந்தேன். மின்னஞ்சல் வந்த காலை சுகந்தி முதலில் தானே வாசித்தாள்; பிறகு தலையைக் குனிந்து கண்ணைத் துடைத்தாள். மாடி போச்சு என்று நினைத்தேன்.

"எடுத்திட்டாங்கள் அங்கிள். அடுத்த பெட்டியும் குடுத்திருக்கிறாங்கள். கடற்கொள்ளைக்காரர் எட்டுப் பேர். கோட்டைக் காவலருக்கு எதிரா நிக்கிற ஆக்கள்."

முழுவதையும் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். தலைவியைப் பிடித்திருக்கிறது. பறையடிப்பவன் மிக நன்று. குள்ளனைப் பார்த்து அலுவலகத்தில் எல்லாரும் சிரித்தார்களாம். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். கிழவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

"ஒண்டும் செல்லல்லண்டா ஒண்டும் உறுத்தல்ல எண்டு அர்த்தம் அங்கிள்" என்றாள் பரீனா. "என்ட பெயின்டப் பத்தியும் ஒண்டும் செல்லல்ல. நான் அழுறனா?"

பின்னேரம் சுகந்தி தேத்தண்ணியோடு என் மேசைக்கு வந்தாள். "அந்தப் பழைய தலையின்ர ஃபைல் கிடக்குத்தானே? கொள்ளைக்காரரில ஒரு கிழவன் இருக்கிறான். அவனுக்குப் போடுவமே? உங்களுக்கும் ஆசைதானே."

ஆசைதான். ஃபைலைத் திறந்து பார்த்தேன். ஒட்டிய கன்னமும் காதுமாக அவன் திரை நிறைய இருந்தான். ஆனால் அந்தக் கொள்ளைக்காரன் நிற்கப்போவது தலைவிக்கு நேர் எதிரே, அதே மேசையில். இவன் தலை அங்கே வந்தால் மற்ற பதினைந்து பேரும் சுருங்கிப் போவார்கள். அது மட்டுமில்லை. இவன் இந்தக் கணினியில் இருக்கும்வரை இனிச் செய்யும் ஒவ்வொரு தலையையும் இவனோடுதான் அளப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளம் ஆட்கள் என்னிடம் அளவு கேட்கிறார்கள். தலை எத்தனை, கை எத்தனை, மடிப்பு எத்தனை என்று. சொல்கிறேன், எழுதிக்கொள்கிறார்கள். ஆனால் தனியாக நிற்கிற ஆளுக்குச் சரியான அளவு என்று ஒன்று இல்லை. யாருக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறான் என்பதைக் கேட்டுவிட்டுப் பிறகு கலிப்பரை எடுங்கள். திருத்தத் திருத்த நன்றாகத்தான் வரும். அங்கேதான் கவனம் வேண்டும்.

அன்று அழிக்கும் பொத்தானை அழுத்தினேன். நிச்சயம்தானா என்று கணினி கேட்டது. ஆம் என்றேன். திரும்பப் பெற முடியாது என்றது. அதற்கும் ஆம் என்றேன்.

பிறகு காவலர் எட்டுப் பேரையும் திரையின் இடது பக்கம் நிறுத்தி, வலது பக்கத்தில் ஒரு வெறும் தலையை உருட்டத் தொடங்கினேன்.