கங்காணி மச்சானின் முறைப்பு

எங்க மச்சான் அப்புசாமியை நீங்க பாத்திருந்தா பயந்திருப்பீங்க. எங்க அக்கா குஞ்சம்மாவை அவருக்குக் கட்டிக் குடுத்த புதுசுல நானே பயந்தவதான். மலாக்காவுல அலோர் காஜாவுக்குப் பக்கத்துல எங்க ரப்பர் தோட்டத்துல அவரு கங்காணி. விடியக் காலையில பெரட்டுக் களத்துல ஆளுங்களை வரிசையா நிறுத்திப் பேரு கூப்பிடறப்ப, கண்ணு ரெண்டையும் இடுக்கி, புருவத்தை நெரிச்சு, ஒவ்வொருத்தரா முறைப்பாரு பாருங்க, அந்த முறைப்புக்கே பாதிப் பேரு கேக்காததையெல்லாம் ஒத்துக்குவாங்க. நேத்து பால் வாளியைக் கவுத்தது நான்தான் கங்காணின்னு ஒருத்தன் தானா முன்னால வந்து நிப்பான். மச்சானுக்கு வாளி கவுந்ததே அப்பத்தான் தெரியும்.

அந்த மனுஷனுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. அதுதான் விஷயம்.

குருடுன்னு நெனச்சுக்காதீங்க. கிட்டத்துல வெச்சா எறும்புக் காலைக் கூட எண்ணிடுவாரு. மரத்துப் பட்டையில மூக்கை ஒட்டி வெச்சுப் பாத்தாருன்னா, கத்தி ஆழமாப் போயி மரத்துக்குக் காயம் பட்ட எடத்தை டக்குன்னு காட்டிடுவாரு. கங்காணி மோப்பம் பிடிச்சே கண்டுபிடிக்கிறாருன்னு ஆளுங்க பேசிக்குவாங்க. ஆனா நாலு எட்டு தள்ளி நின்னீங்கன்னா நீங்க அவருக்கு மனுஷங்களே இல்லை. ஒரு வேட்டி வருது, ஒரு சேலை போவுது, அவ்வளவுதான். குரலை வெச்சும் இருமலை வெச்சும் ஆளைப் பிடிச்சுக்கிட்டே காலத்தை ஓட்டினாரு.

கங்காணி வேலை கெடைச்சதே அந்தக் கண்ணாலதான். பழைய கங்காணி ஊருக்குக் கப்பல் ஏறினப்ப, அடுத்த ஆளைப் பொறுக்கத் துரை பெரட்டுக்கு வந்தாரு. எல்லாரும் தலையைக் குனிஞ்சு நிக்க, எங்க மச்சான் மட்டும் கண்ணை இடுக்கித் துரையையே பாத்தாரு. எது துரை, எது கணக்கு எழுதற கிராணின்னு தெரியாம அந்த மனுஷன் முழிச்சிருக்காரு. துரைக்கு அது எப்படிப் பட்டுச்சோ, இவன்தான் தைரியசாலின்னு தோள்ல தட்டிட்டாரு. அன்னிக்கு வீட்டுக்கு வந்து அக்காகிட்ட, தட்டினது துரையா கிராணியான்னு கேட்டாராம்.

எனக்கு இது தெரிஞ்சது ஒரு மழைக்கு மறுநாள். ரப்பர் மர நெரையில நாங்க நாலஞ்சு பேரு உக்காந்து வெத்திலை போட்டுக்கிட்டு இருந்தோம். கொஞ்சம் தள்ளி ஒரு கட்டை மேல நனைஞ்ச கோணியைக் காயப் போட்டிருந்தோம். மச்சான் வந்தாரு. நேரா அந்தக் கோணிகிட்ட நின்னு, சோம்பேறித்தனமா உக்காந்திருக்கியே, சோறு திங்கிற ஆளுதானேன்னு ஒரு பாட்டம் ஏசினாரு. நம்மளைத்தான் சாடையாப் பேசுறாருன்னு மத்தவளுங்க விழுந்தடிச்சு எந்திரிச்சு ஓடினாளுங்க. நான் ஓடலை. கோணி பதில் சொல்லலைன்னு அவரு இன்னும் கோவமானதை நான் கண்ணால பாத்தேன்.

அன்னிக்கு சாயங்காலமே அக்காவைப் பிடிச்சு உலுக்கினேன். அப்பத்தான் சொன்னா. கட்டிக்கிட்டு வந்த முதல் வாரமே அவளுக்குத் தெரியுமாம். வெளியில சொன்னா வேலை போயிடும்னு வாயை மூடிக்கிட்டா. ஆனா வைத்தியம் மட்டும் விடலை. எப்படி வைத்தியம் கேட்டா தெரியுமா, தனக்குத்தான் கண்ணு மங்குதுன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சா. ஆளுக்கு ஒரு காரணம் சொன்னாங்க. ஆஸ்பத்திரி டிரசரு, காய்ச்சலுக்குக் குடுக்கிற கொய்னா தண்ணி அதிகமாக் குடிச்சா அப்படி வரும்னாரு. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடற கொட்டாய்ல வேலை செய்யிற கருப்பாயி, புகையாலதான்னா. ஒருத்தி சூடுன்னா, ஒருத்தி சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளிக்காததுதான்னா. இன்னொருத்தி, பிள்ளை பெத்த ஒடம்புல ரத்தம் கொறைஞ்சதாலன்னு சொல்லி, பிரசவ லேகியம் ஒரு டப்பா கிண்டிக் குடுத்தா. எங்க அக்கா எதையும் வீணாக்குறவ இல்லை. அத்தனையும் மச்சானுக்குத்தான். ராத்திரியில நந்தியாவட்டைப் பூவைக் கண்ணுல கட்டிக்கிட்டு, பிள்ளை பெத்தவ லேகியத்தை உருண்டை உருண்டையா முழுங்கிட்டுப் படுப்பாரு தோட்டமே நடுங்குற கங்காணி. ஒடம்பு நல்லா ஊறிச்சு. கண்ணு அப்படியேதான் இருந்துச்சு.

இப்படியே போயிருக்கும். பாக்கியலட்சுமிக்கு மாப்பிள்ளை வந்தான் பாருங்க, அங்கதான் சிக்கல்.

பாக்கியம் அக்காவுக்கு ஒத்தை மக. சுங்கை ரம்பாயில மாடு வெச்சுப் பால் ஊத்துற வடிவேலுன்னு ஒருத்தரு, நல்ல குடும்பம். அவரு மகன் காளிதாஸ் மலாக்கா டவுன்ல லாரி பட்டறையில வேலை. ஒரு நாள் அந்தியில வந்து, வெளக்கு வெளிச்சத்துல பாயில எதிரெதிரா உக்காந்து பேசி, வெத்திலை பாக்கு மாத்திட்டுப் போனாங்க. பாக்கியத்துக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. மூணு வேளையும் பாட்டுத்தான்.

ஆடி மாசம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு வடிவேலு சனத்தோட வந்தாரு. பஸ்ஸை விட்டு எறங்கி, செம்மண் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு, எல்லாரும் பாக்க ரெண்டு கையையும் கூப்பி எங்க மச்சானைக் கும்பிட்டாரு. மச்சான் இந்தப் பக்கம் நிக்கிறாரு. கண்ணை இடுக்கினாரு. ஒரு முறைப்பு முறைச்சாரு. அப்புறம் திரும்பிக்கிட்டு, பந்தல் கட்டுற ஆளுங்களை அதட்டப் போயிட்டாரு. கும்பிட்ட கை கும்பிட்டபடி நிக்குது. வடிவேலு அப்படியே அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுத் திரும்பிட்டாரு. மறுவாரம் சேதி வந்துச்சு. கங்காணி பெரிய ராஜாவா இருக்கலாம், மாடு மேய்க்கிறவன் வீட்டுல அவரு பொண்ணு வேணாம்னு.

பாக்கியம் பாட்டை நிறுத்திட்டா. சோத்தையும் நிறுத்திட்டா. அக்கா சொன்னா, போயி உண்மையைச் சொல்லுங்க, கண்ணு தெரியலைன்னு சொன்னா யாரு கோவிச்சுக்கப் போறான்னு. மச்சான் மாட்டேன்னுட்டாரு. சேதி சுங்கை ரம்பாயில இருந்து தோட்டத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆவும், கண்ணு தெரியாத கங்காணிக்கு எவன் பயப்படுவான், துரை என்னைத் தூக்கிட்டு வேற ஆளைப் போடுவாரு, அப்புறம் என்னா சாப்பிடறதுன்னு கேட்டாரு. திமிரு பிடிச்சவன்னு சொன்னா சொல்லிட்டுப் போவட்டும், வேற மாப்பிள்ளை இல்லையான்னாரு. எனக்கு வந்துச்சே ஆத்திரம். உங்க முறைப்பைக் காப்பாத்திக்க அந்தப் பொண்ணு வாழ்க்கையைப் பலி குடுக்கிறீங்களா மச்சான்னு மூஞ்சிக்கு நேராக் கேட்டுட்டேன். கிட்டத்துலதான் நின்னேன், அதனால என் மூஞ்சி நல்லாத் தெரிஞ்சிருக்கும்.

அடுத்த சம்பள நாள்ல நானும் அக்காவும் அவரை அலோர் காஜாவுக்கு இழுத்துக்கிட்டுப் போனோம். அங்க ஹனீஃப் பாய் மளிகைக் கடை. அவருகிட்ட ஒரு தட்டு நெறைய மூக்குக் கண்ணாடி இருக்கும். பாய் விவரமான ஆளு. தீப்பெட்டி படத்தைக் கிட்டக் காட்டினாரு, தள்ளிப் பிடிச்சுக் காட்டினாரு. வயசானவங்களுக்குக் கிட்டப் பாக்கத்தான் கஷ்டமா இருக்கும், சிலருக்குக் கண்ணுல பால் மாதிரி படலம் விழும், இது ரெண்டும் இல்லை, இவருக்குச் சின்ன வயசுல இருந்தே தூரம் மங்கல், இதுக்கு லேகியம் கெடையாது, கண்ணாடிதான்னாரு. அக்கா என்னைப் பாக்கலை. தட்டுல இருந்ததெல்லாம் கிழடுங்களுக்கான கண்ணாடி. அதைப் போட்டா மச்சானுக்கு இருந்ததும் போச்சு. கடைசியில, போடறவனெல்லாம் தலை சுத்துதுன்னு திருப்பிக் குடுத்த ஒரு கண்ணாடியைப் பாய் அடியில இருந்து எடுத்துத் துடைச்சுக் குடுத்தாரு.

போட்டாரு. அக்கா கடைக்கு அந்தப் பக்கத்துல துணி பாத்துக்கிட்டு இருந்தா. அவளையே பாத்துக்கிட்டு நின்னவரு, "குஞ்சம்மா, நீ எனக்குப் பழிப்புக் காட்டுறியா?"ன்னு கேட்டாரு.

காட்டினாதான். இன்னிக்கு நேத்தா, கல்யாணம் ஆன நாள்ல இருந்து அந்தப் பக்கத்துல இருந்து ஒதட்டைச் சுழிச்சுக்கிட்டுத்தான் இருந்தா. இந்த மனுஷனுக்கு இப்பத்தான் தெரியுது. அக்கா வெக்கப்பட்டுத் துணிக்குள்ள மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டா. பாய் சிரிச்ச சிரிப்புல தட்டு ஆடிச்சு. வெளியில வந்ததும் மச்சான் கண்ணாடியைக் கழட்டி மடியில சொருகிக்கிட்டாரு. எல்லாருக்கும் மங்கலாத்தான் தெரியும்னு பத்து வயசு வரைக்கும் நெனச்சிருந்தேன் முனியம்மான்னு என்கிட்ட மெதுவாச் சொன்னாரு. எனக்கு மனசு என்னமோ போல ஆயிடுச்சு.

மறுநாளே சுங்கை ரம்பாய்க்குக் கெளம்பிட்டோம். மச்சான்தான் கெளம்புன்னாரு. வடிவேலு வீட்டு வாசல் வரைக்கும் கண்ணாடியோட வந்தவரை அக்கா தடுத்தா. கோவமா இருக்கிற சம்பந்தி முன்னால கண்ணாடி மாட்டிக்கிட்டு நின்னா, துரை மாதிரி வந்திருக்கான் பாருன்னு இன்னும் எரிச்சல் படுவாரு, கழட்டுங்கன்னா. அதுவும் ஞாயந்தான். தலைப்பாகையை எடுத்தாரு, கண்ணாடியை எடுத்தாரு, கையைக் கூப்பிக்கிட்டு நேரா வீட்டு முத்தத்துக்கு நடந்தாரு. அங்க ரம்புத்தான் மரத்தடியில வெள்ளைச் சட்டை போட்டு ஒரு ஆளு நின்னாரு. நாங்க எட்டிப் பிடிக்கிறதுக்குள்ள மச்சான் ஆரம்பிச்சிட்டாரு.

"சம்பந்தி, நான் உங்களை அவமானப்படுத்தலை. அந்தத் தூரத்துல எனக்கு ஆளு தெரியாது. நீங்க கும்பிட்டது எனக்குத் தெரியவே இல்லை. இதை வெளியில சொன்னா என் வேலை போயிடும், அந்தப் பயத்துல இத்தனை நாளா வராம இருந்துட்டேன். வேலை போனாப் போவட்டும். எம் பொண்ணு பட்டினி கெடக்குது. தப்பு என் கண்ணு மேல, அவளைத் தண்டிக்காதீங்க."

கேட்டுக்கிட்டு நின்னவரு பால் வாங்க வந்த ஒரு மலாய்க்காரரு. பக்கத்துக் கம்போங், அவங்க கிராமம். தமிழ்ல ஒரு வார்த்தை தெரியாது. ஆனா ஒரு பெரிய மனுஷன் கண்ணு கலங்கிப் பேசுறது தெரியுமே. மச்சான் கையை ரெண்டு கையாலயும் பிடிச்சு, நெஞ்சுல தொட்டு, சபார், சபார்னு, பொறுமையா இருன்னு அவங்க பாஷையில தேத்தினாரு. மச்சானுக்குக் கண்ணு நெறையத் தண்ணி, மூஞ்சியும் தெரியலை, குரலும் பிடிபடலை, மன்னிச்சிட்டாருன்னு நெனச்சு அவரு காலைத் தொடக் குனிஞ்சாரு.

மாட்டுக் கொட்டாய்ல இருந்து வடிவேலு பால் செம்போட வெளியில வந்தாரு. அவ்வளவையும் கேட்டிருக்காரு. மூஞ்சியில சிரிப்பு இல்லை. அவரு நேரா வந்து மச்சான் மூக்கோட மூக்கு ஒட்டுற மாதிரி நின்னாரு.

"நான்தான் வடிவேலு. இப்பத் தெரியுதா?"

"தெரியுது சம்பந்தி. மீசையில பால் நுரை இருக்குது."

அதுக்கப்புறம் அந்த மனுஷனால கோவத்தைக் கட்டி வெக்க முடியலை. மலாய்க்காரருக்கும் மலாய்ல வெவரம் சொல்லி, மூணு பேரும் சிரிச்சு, எங்களுக்கெல்லாம் காப்பி வந்துச்சு. ஆனா வடிவேலு ஒண்ணு கேட்டாரு. கல்யாணத்துக்கு அவரு சனம் பூரா வரும், அன்னிக்குத் திருவிழாவுல பாத்தவங்களும் வருவாங்க, அத்தனை பேரையும் கண்ணாடியைக் கழட்டாம மூஞ்சி பாத்துக் கும்பிடணும், ஒருத்தரை விட்டாலும் அவருக்குத் தலைக் குனிவுன்னாரு. கல்யாணம் நடக்கப் போறது தோட்டத்துக் கோயில்ல. தோட்டமே பாக்கும். மச்சான் காப்பிக் குவளையையே பாத்துக்கிட்டு இருந்துட்டு, சரின்னாரு.

தை மாசம் கல்யாணம் நல்லா நடந்துச்சு. அது வரைக்கும் தோட்டத்துல மடியை விட்டு எடுக்காத கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மச்சான் நின்னு கும்பிட்டாரு. கும்பிட்டதுன்னா சாதாரணக் கும்பிடா, மேளக்காரரை ரெண்டு வாட்டி, பஸ் ட்ரைவரை ஒரு வாட்டி. கண்ணை இடுக்காத அந்த மூஞ்சி எவ்வளவு சாதுவான மூஞ்சின்னு அன்னிக்குத்தான் நானே பாத்தேன். வடிவேலு சனத்துக்கு ரொம்பத் திருப்தி.

பந்தியில மச்சானே சாம்பார் வாளியைத் தூக்கிக்கிட்டு வந்தாரு. நான் பின்னால சோத்துக் கூடையோட போனேன். தோட்டத்து ஆளுங்க உக்காந்திருந்த வரிசைக்கு வந்ததும், அவரு பாத்த பக்கமெல்லாம் பேச்சு நின்னுச்சு. கருப்பாயி எலையில இருந்து கையை எடுத்துக்கிட்டு எந்திரிக்கப் போனா. மடியில இருந்த கைக்கொழந்தையை இறுக்கிக்கிட்டா. மச்சான் அப்படியே நின்னுட்டாரு. என் பக்கம் திரும்பி, "முனியம்மா, இத்தனை வருஷமும் என்னைய இப்படித்தான் பாத்தாங்களா?"ன்னு கேட்டாரு.

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆமா மச்சான்னு சொன்னேன்.

வாளியைக் கீழ வெச்சாரு. கண்ணாடியைக் கழட்டிடுவாருன்னு நெனச்சேன். கழட்டலை. குனிஞ்சு, சாம்பார் ஊத்தட்டுமாம்மான்னு கருப்பாயியைக் கேட்டாரு. அவ தலை நிமிராமலே சரின்னா.

கல்யாணத்துக்கு அப்புறம் பெரட்டுக்கும் கண்ணாடியோடத்தான் போனாரு. நாங்க பயந்தது நடந்துச்சு. எவனும் பயப்படலை, வரிசை கலைஞ்சுச்சு, பிந்தி வந்தவன் கதை அளந்தான். ரெண்டு மாசம் பாத்துட்டு துரை அவரை எடுத்து ஸ்டோருல போட்டாரு. ரப்பர் ஷீட்டை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு அழுக்குப் பொறுக்குற வேலை. கங்காணி பொண்டாட்டிங்கிற பேரு போச்சேன்னு அக்கா ஒரு மாசம் மூக்கைச் சிந்தினா. தள்ளி நின்னு பழிப்புக் காட்டவும் முடியலைன்னு அவளுக்கு அது ஒரு தனிக் கவலை.

போன வாரம் நான் ஸ்டோருப் பக்கம் போனேன். ஷீட்டு சுமந்துக்கிட்டு வந்த கருப்பாயி, வாசல்ல எறக்கி வெச்சுட்டு, என்னாண்ணே கண்ணாடி மூக்குல நிக்க மாட்டேங்குதான்னு கேட்டுச் சிரிச்சுட்டுப் போனா. மச்சான் அவ போற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னாரு. பாத்தியா முனியம்மா, சிரிச்சுட்டுப் போறான்னாரு.

உங்க கண்ணாடியைப் பாத்துச் சிரிக்கிறா மச்சான், அதுல என்னா பெருமைன்னு கேட்டேன்.

"எதைப் பாத்தா என்னா. எனக்கு முன்னால நின்னு சிரிச்சாளே."