பூசணம் பிடித்த கம்பளம்

மழையில் பாதை சரிந்து, போடிக்கு இறங்க வழியில்லாமல் ஓர் ஏலத்தோட்ட பங்களாவில் ஒன்பது நாள் கிடந்தேன். அங்கிருந்த காவலாளி, கீழ்த்தள அறையில் விரித்திருந்த முதலாளியின் கம்பளத்தைத் தினமும் துடைப்பார். மறுநாளே பூசணம் வெள்ளையாகப் பூத்திருக்கும். கம்பளம் கெட்டால் அவர் வேலை போய்விடும்.

“காய் உலர்த்துற ஸ்டோர்லதான் நெருப்பு எரியுதே, அங்க காயப்போடுங்கண்ணே.”

“ஏலக்கா எந்த நாத்தத்தையும் இழுத்துக்கிரும் அப்பு. பூசண நாத்தம் எம்மேலயும் ஒட்டிருச்சுன்னு, குளிருக்கு ஒதுங்கக்கூட என்னைய உள்ள விட மாட்டேங்குறாய்ங்க.”

அடிக்கடி சட்டைக்கையை முகர்ந்து பார்ப்பார். பாதை திறந்து நான் ஜீப்பில் ஏறியபோது, அந்தக் கையை என்னிடம் நீட்டினார்.

“நாறுதா பாரு.”

நாறியது. “இல்லண்ணே,” என்றேன்.

அதை நம்பி ஸ்டோரை நோக்கி வெரசாக நடந்தார். அவர் கதவைத் தட்டுவதற்குள் ஜீப் வளைவில் திரும்பிவிட்டது.