நோன்பு திறந்த கிணறு

எகிப்தின் செங்கடல் கரையில், எண்ணெய் ஊரான ராஸ் காரிபில் வஹீப் இஸ்கந்தரைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்கள் சொல்வதும் ஒன்றேதான்: "நல்ல மனுஷன், ஆனா எப்பப் பாத்தாலும் எதையோ தொலைச்சவர் மாதிரியே இருப்பார்." உண்மைதான். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அறை முழுக்கத் தேடுகிற ரகம். எண்ணெய்க் கம்பெனியில் அவருக்கு வேலை, கம்ப்யூட்டருக்குள் கிணறு கட்டுவது. பாலைவனத்தில் இருக்கிற கிணறு எப்படியோ, அப்படியே ஒன்று அவர் திரையிலும் இருக்கும். நிஜக் கிணற்றுக்கு நோவு வந்தால், முதலில் திரைக்கிணற்றுக்கு வைத்தியம் பார்ப்பார். பலித்தால் நிஜத்துக்கும் அதே மருந்து.

அந்த வருடம் நோவு பதினேழாம் நம்பர் கிணற்றுக்கு. கிழட்டுக் கிணறு, சொந்த பலத்தில் எண்ணெய் மேலே வராது. வெளிக்குழாய் வழியாகக் கேஸை அடித்து இறக்கினால், அது உள்குழாய்க்குள் புகுந்து எண்ணெயை லேசாக்கித் தூக்கிக்கொண்டு வரும். கேஸைக் கூட்டினால் எண்ணெயும் கூடும் என்பது அங்கே டீ ஊற்றுகிறவனுக்கும் தெரிந்த பாடம். பதினேழோ, எவ்வளவு அடித்தும் நாளுக்கு நாள் குறைந்தது. "நோன்புப் பெருநாள் முடிஞ்சதும் இழுத்து மூடிர வேண்டியதுதான்" என்று மேலாளர் ஹில்மி சொல்லிவிட்டார். அதற்கான அறிக்கையை எழுத வேண்டியவர் வஹீப்.

மூடினால் அங்கே வால்வு பார்க்கிற ஃபர்கலிக்கு வேலை போய்விடும். தெற்கே நைல் கரையிலிருந்து வந்து இந்த மணலிலேயே நரைத்த மனிதர். வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற பெண்கள். 'போயும் போயும் என் கையாலயா அவர் வயித்துல அடிக்கணும்?' என்று வஹீபுக்குச் சோறு இறங்கவில்லை.

ரமலான் பிறந்தது. சூரியன் சாய்ந்ததும் அலுவலகமே நோன்பு திறக்க ஓடிவிடும். வஹீப் கிறிஸ்தவர். பகலில் மற்றவர்கள் முன்னால் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார், ஆனால் ஓட வேண்டிய அவசரமும் இல்லை. அப்படித் தனியாக உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தக் கூத்தைப் பார்த்தார். மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரத்துக்கு, திரையில் பதினேழின் எண்ணெய் அளவைக் காட்டும் கோடு மெல்ல ஏறியது. ஏறி, கொஞ்ச நேரம் நின்று, பழையபடி விழுந்தது. மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும்!

மண்டை காய்ந்துவிட்டது மனிதருக்கு. கடல் ஏற்றமா? அது தினம் நேரம் மாறுமே. வெயில் தணிவதாலா? பக்கத்துக் கிணறுகளுக்கும் அதே வெயில்தானே! திரைக்கிணற்றில் எதை மாற்றிப் பார்த்தாலும் மாலை மட்டும் ஏறுகிற அதிசயம் நடக்கவில்லை. கடைசியில் ஹில்மியிடமே போய் நின்றார்.

"சார், பதினேழு சாயங்காலம் மட்டும் நல்லா ஓடுது. ஏன்னு எனக்குப் புரியல."

ஹில்மி விழுந்து விழுந்து சிரித்தார். "அதுவும் நோன்பு வெச்சிருக்குய்யா! பகல் பூரா பட்டினி, பாங்கு சொன்னா திறக்குது. போய்யா, மீட்டரைப் பாரு."

மாலையில் கிணற்றடிக்கு மீட்டரைப் பார்க்கத்தான் போனார். ஃபர்கலி திரும்ப விடவில்லை. "தினமும் கம்ப்யூட்டரையே தின்னுக்கிட்டு கெடக்கீங்களே, இன்னைக்கு மனுஷங்களோட சாப்பிடுங்க இஞ்சினியர் அய்யா" என்று ஜீப் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். பருப்பு சூப்பு, ரொட்டி, ஊறுகாய், பேரீச்சை. கிணற்றுக் குழாய் 'டம் டம்' என்று உதைத்துக்கொண்டிருந்தது. பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் ஃபர்கலி எழுந்துபோய்க் கேஸ் வால்வின் சக்கரத்தைத் திருகினார். உதைப்பு அடங்கியது. வந்து உட்கார்ந்து, பாங்கு கேட்டதும் ஒரு பேரீச்சையை வாயில் போட்டுக்கொண்டார்.

வஹீபின் கரண்டி பாதியில் நின்றது. "என்னண்ணே பண்ணீங்க?"

"சத்தம் உயிரை வாங்குதுங்க! சூப்பு கோப்பையில குதிக்குது. நோன்பு தெறக்குற நேரத்துலயாவது கேஸைக் கொறைச்சு வெச்சா நிம்மதியா ரெண்டு வாய் திங்கலாம். தின்னதும் திருப்பி விட்டுருவேன், சத்தியமா." அவர் முகம் சட்டென்று வெளுத்தது. "ஹில்மி சார்கிட்ட சொல்லிராதீங்கய்யா. சும்மாவே என்னை அனுப்பக் காரணம் தேடுறாங்க."

வஹீப் ஜீப் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டு எழுந்தார். கேஸைக் குறைத்தால் எண்ணெய் கூடுகிறதா? அது எப்படி? குழம்பிய மண்டையோடு அலுவலகம் திரும்பி, முதன்முதலில் கட்டிய திரைக்கிணற்றைத் திறந்தார். உள்குழாயில் மேலும் கீழுமாகச் சின்னக் கதவுகள் உண்டு. கேஸ் கீழ்க்கதவு வழியாகப் புகுந்தால்தான் எண்ணெயை அடியிலிருந்து தூக்கும். அழுத்தம் மிஞ்சினால் மேல்கதவும் திறந்துகொண்டு, கேஸ் பாதிவழியிலேயே கசிந்து, குழாய் உதைக்கும். இதைத்தான் திரைக்கிணறு ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தது. வரைபடப்படி மேல்கதவு மூடியிருக்க வேண்டுமே, பைத்தியம் மாதிரி உளறுகிறதே என்று, திரையில் அதை மூடியதாக மாற்றிவைத்தவர் இவர்தான்! அடப்பாவி வஹீபே, உண்மை சொன்ன வாயை நீயேவா பொத்தினாய்? அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

காலையில் ஹில்மி முன் நின்றார். "கேஸைக் கொறைக்கணும் சார்."

"கூட்டச் சொல்லி எழுதிக் குடுத்ததே நீதானய்யா!"

"தப்பா எழுதிட்டேன். கம்ப்யூட்டர் மொதல்லயே சரியாச் சொல்லிச்சு. நான்தான் கேக்கல."

"இப்ப மட்டும் எப்படிய்யா ஞானம் பொறந்துச்சு?"

பருப்பு சூப்புக் கதை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டார். "நேத்து திரும்ப ஓட்டிப் பாத்தேன் சார்."

ஹில்மி மேசையைத் தட்டித் தட்டித் திட்டினார். அந்த வருடம் வஹீபுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. ஆனால் மறுநாள் காலையிலேயே பதினேழின் கேஸைக் குறைத்தார்கள். எண்ணெய்க் கோடு ஏறியது, விழவில்லை. மூடுகிற பேச்சும் அன்றோடு நின்றது.

இதை ஃபர்கலிக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. வஹீப் அன்று மாலையில் ஜீப்பில் போய் இறங்கியபோது, அப்போதுதான் வேலைக்கு வந்த ஃபர்கலி குழாயின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"பெருநாள் வரைக்கும்கூடப் பொறுக்கலையாய்யா? நான் வர்றதுக்குள்ள மூடிட்டாங்களே. ஒரு சத்தமும் இல்ல, செத்துப்போச்சு."

"சாகலண்ணே. நீங்க சூப்புக்காகத் திருகுற அளவுலயே இனிமே வருஷம் பூரா ஓடும். உங்க வேலையும் எங்கயும் போகல."

ஃபர்கலிக்கு ஒன்றும் புரியவில்லை. வஹீபையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். குழாயில் காதை வைத்தார். உள்ளே எண்ணெய் ஓடுகிற சத்தம் கேட்டதும், காதை எடுக்காமலேயே அழுதார். பாங்கு ஒலித்தது. வஹீப்தான் பேரீச்சையை எடுத்து அவர் கையில் வைத்தார்.