மெசினுக்கு முன்னால் நல்ல பிள்ளை

எல்கடுவ மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கிற சவரியம்மாவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. அட்டை கடித்தால் பிடுங்கி எறிந்துவிட்டு, விட்ட கதையைத் தொடர்கிறவள். அப்பேர்ப்பட்டவளுடைய நெஞ்சு திடீர் திடீரென்று ஒரு துடிப்பை விட்டுவிட்டு, அடுத்ததைத் 'தொம்'மென்று போட ஆரம்பித்தது.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா? புருசன் ஒஸ்வல்ட்டிடம் சொல்லித் தொலைத்தாள்.

"அப்போ இந்த வருசம் நீ மாதாவத் தூக்க வேணாம்," என்றார் அவர்.

தோட்டத்துக் கோயில் திருநாளில் மாதா சுருவத்தை, அந்தச் சிலையைத் தோளில் சுமப்பது பொம்பளைகள்தான். முன்னால் வலப்பக்கம், கலியாணமான வருசத்திலிருந்து சவரியம்மாவின் இடம். அதை இன்னொருத்திக்கு விடுவதா? அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மாத்தளை ஆஸ்பத்திரியில் டொக்டர் கிருஷாந்தி ஈசிஜி, ஸ்கேன், ரத்தம் எல்லாம் பார்த்துவிட்டு, அவள் நெஞ்சில் சின்ன மெசின் ஒன்றை ஒட்டிவிட்டார். "நாளைக்கு வரைக்கும் ஒங்க துடிப்பெல்லாம் இதுல பதியும்மா."

தோட்டத்துத் தொரை வருகிற நாளில் லயத்து வீட்டு வாசலைக் கூட்டிக் கழுவி, பிள்ளைகளுக்குத் தலைவாரி நிறுத்துகிற பழக்கம் லேசில் போகுமா! சவரியம்மா மலைக்குப் போகவில்லை. பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணியைத் தொடவில்லை. கண்ணை மூடிக் கட்டிலில் ஆடாமல் அசையாமல் கிடந்தாள். நெஞ்சும் நல்ல பிள்ளையாக இருந்தது.

"ஒண்ணுமே பதியலியே! நேத்து என்ன செஞ்சீங்க?" என்றார் டொக்டர்.

"மரியாதையாப் படுத்திருந்தேங்க. மெசின் பாத்துக்கிட்டே இருக்குமில்ல?"

டொக்டர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறை நர்ஸ் மிஸ்ஸி எட்டிப் பார்த்தார். "மறுபடி ஒட்டுறேன். மலைக்குப் போங்க, சாயம் குடிங்க, வீட்டுக்காரரோட சண்டை போடுங்க."

மூன்றையும் செய்தாள். கடைசியைக் கொஞ்சம் தாராளமாகவே செய்தாள்.

இந்தத் தடவை சிக்கியது. "ஒரு துடிப்பு அவசரப்பட்டு முந்திக்குது. அதுக்கப்புறம் சின்ன இடைவெளி, அடுத்தது பலமா விழுது. அதான் விட்டுப்போச்சுன்னு தோணுது. ஒங்க இதயம் நல்லா இருக்கும்மா. சாயத்தக் கொறைங்க, நல்லாத் தூங்குங்க. மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ வந்தா மட்டும் ஒடனே ஓடி வந்துரணும்."

"மாதாவத் தூக்கலாமா?"

"தாராளமா."

அவள் அங்கேயே அழுதுவிட்டாள். சந்தோசத்தில்தான்.

திருநாளன்று பவனி மலைப்பாதை திரும்புகிற இடத்தில் 'தொம்'. தண்ணீர்ப் போத்தலோடு கூடவே நடந்த ஒஸ்வல்ட் அவள் முகத்தைப் பார்த்துப் பதறினார். சவரியம்மாவோ தோளை இன்னும் நிமிர்த்தி, மேலே பார்த்துச் சிரித்தாள்.

"பயப்படாதீங்க மாதாவே. என் நெஞ்சுதான், கொஞ்சம் அவசரக்காரி."