எங்கள் தெருவில் எரியும் மரங்கள்

தொழிற்சாலை நிலக்கரியை நிறுத்தியபோது எங்கள் தெருவுக்கே லட்டு கொடுத்தார்கள்.

திருவொற்றியூரில் ரயில் பாதைக்கும் கடலோரச் சாலைக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் தெரு. அது முடிகிற இடத்தில் தொழிற்சாலையின் பின்மதில். அந்த மதிலைத் தாண்டி வந்த கரித்தூளோடு பல வருஷம் மல்லுக்கட்டினோம். மனுக் கொடுத்தோம், கேட்டின் முன்னால் உட்கார்ந்தோம், போலீஸ் வேனிலும் ஏறினோம். கடைசியில் ஒரு நாள், இனிமேல் பாய்லரில் கரி போட மாட்டோம், இயற்கை எரிபொருள் மட்டும்தான் என்று சொல்லி வீட்டுக்கு வீடு லட்டும் துணிப்பையும் கொடுத்தார்கள். பையின் மேல் பச்சை இலை ஒன்று அச்சடித்திருந்தது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அதற்கப்புறம் விறகு லாரிகள் வர ஆரம்பித்தன. தார்ப்பாய் போட்டு மூடி, பக்கவாட்டில் சவுக்குக் கட்டைகள் பிதுங்க, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் வண்டிகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றன. கரித்தூள் கறுப்பு. கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். விறகுச் சாம்பல் வெளுப்பு. மொட்டை மாடியில் காயும் துணியில் படிந்தால் தெரியாது. உடுத்திக்கொண்டு வியர்த்த பிறகுதான் கழுத்து அரிக்கும். தண்ணீர்க் குடத்தை மூடி வைத்தாலும் மேலே ஒரு மெல்லிய ஏடு மிதக்கும்.

நான் பக்கத்து மெயின் ரோட்டில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். முதலாளி வண்ணாரப்பேட்டைக்காரர், எல்லோருக்கும் பாய். வியாபாரம் நன்றாக நடந்தால் சந்தோஷப்பட வேண்டியவர், ஒரு நாள் காலி அலமாரியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னாமா இது, மழையும் இல்ல, பனியும் இல்ல. இருமல் மருந்து வெச்ச எடத்துல நிக்க மாட்டேங்குது" என்றார்.

எனக்குக் காரணம் தெரியும். வாங்க வந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் தெருக்காரர்கள்.

என் தம்பி அந்தத் தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தான். கான்ட்ராக்ட் ஆள். பாய்லருக்கு விறகு தள்ளுகிற வேலை. நான் மாடியில், அவன் கீழ் வீட்டில் மனைவியோடும் சின்ன மகளோடும் இருந்தான். ஒரு நாள் சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"யக்கா, அல்லாம் சவுக்குன்னு நெனச்சிகினு கீற. மேல மட்டும்தான் சவுக்கு. அடியில இன்னா வருது தெரியுமா? இடிச்ச வூட்டுக் கதவு, ஜன்னலு. பெயிண்டு அடிச்சது, பழைய பிளைவுட்டு. அத்தப் போட்டா கண்ணத் தொறக்க முடியாது."

"மேனேஜருக்குத் தெரியுமா?"

"தெரியாம வண்டி உள்ள வருமா? யாராண்டயும் சொல்லிடாத. வேல பூடும்."

யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அம்மா ஞாபகமாகவே இருந்தது. எங்கள் அம்மா விறகு அடுப்பில் சமைத்தவள். அப்போது நாங்கள் இருந்த கொருக்குப்பேட்டை வீட்டில் ஜன்னல் கிடையாது. ஊதி ஊதி, கடைசி வருஷங்களில் படுக்கவே முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். விறகுப் புகைதான் காரணம் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். அப்புறம் தெருத்தெருவாக வந்து எங்களுக்குப் பாடம் எடுத்தார்கள். விறகு எரிக்காதீர்கள், நுரையீரல் கெட்டுப்போகும், கேஸ் வாங்குங்கள் என்றார்கள். வாங்கினோம். இன்றைக்கு எங்கள் வீட்டில் ஒரு சுள்ளி எரிவதில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் லாரி லாரியாக அதே மரத்தை எரிக்கிறார்கள், அதற்குப் பச்சை இலை போட்டுப் பை கொடுக்கிறார்கள். யாரை முட்டாளாக்குகிறார்கள்?

சாம்பலைப் பற்றி நாங்கள் சத்தம் போட்டதும், பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் தொழிற்சாலைக்காரர்களே ஒரு கூட்டம் போட்டார்கள். ஏ.சி. ஓடியது. சமோசா, காபி எல்லாம் இருந்தது. மேனேஜர் மைக் பிடித்தார். நல்ல தமிழில், கோபமே வராத குரலில் பேசினார்.

"மரம்கிறது இயற்கைங்க. நாம ஒண்ணு எரிச்சா, அதுக்குப் பதிலா இன்னொண்ணு வளருது. எரிக்கிறப்ப வர்ற கார்பனை அது இழுத்துக்குது. கணக்கு நேராயிடுது."

நான் எழுந்தேன். 

"சார், எங்க அம்மா எரிச்சதும் இதே மரம்தான். நாலு சுள்ளி வெச்சி ஒல கொதிக்க வெக்கும். அதுலயே மூச்சு நின்னு செத்துப்போச்சு. எங்க அம்மா எரிச்சா நோவு, நீங்க எரிச்சா பசுமையா?"

"வீட்டு அடுப்பு வேற, பாய்லர் வேறம்மா. எங்ககிட்ட புகையை வடிகட்டுற மெஷின் இருக்கு."

"அப்ப என் மாடியில கீற சாம்பல் யாருது? இன்னொரு மரம் வளருதுன்னீங்களே, அது எங்க வளருது? வளர்ந்து ஆளாக எத்தினி வருஷம் ஆவும்? அது வளர்ற வரைக்கும் எங்க புள்ளைங்க இந்தப் புகையத்தான் இழுத்துகினு இருக்கணுமா?"

மண்டபம் சலசலத்தது. மேனேஜர் சிரித்த முகம் மாறாமல் பின்பக்கம் கை காட்டினார். தம்பி அங்கே சீருடையில் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"உங்க தம்பியே நம்ம பாய்லர்லதான வேலை செய்யறாரு. அவரே சொல்லட்டும். என்னப்பா, ஏதாவது பிரச்னை இருக்கா?"

எல்லாத் தலையும் திரும்பியது. தம்பி தரையைப் பார்த்தான்.

"நல்லாத்தான் சார் கீது" என்றான்.

 எனக்குத் தம்பி மேல் கோபம் இல்லை. ஒருத்தனுடைய சோற்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் நடுவில் பொய் சொல்ல வைத்த அந்தச் சிரிப்பு மேல்தான் கோபம்.

அவன் அப்படிச் சொல்லியும் பயன் இல்லை. சில நாளிலேயே கேட்டில் அவனை நிறுத்தினார்கள். இனி வர வேண்டாம் என்று கான்ட்ராக்டர் போனில் சொன்னாராம். தம்பி படியேறி மேலே வந்தான்.

"நீ கம்முனு இருந்தா இன்னா?"

"நீ சொன்னதுல ஒரு வார்த்த வெளிய வுட்டனா?"

"வுடல. ஆனா வேல பூட்ச்சா இல்லியா?"

 அவன் காசிமேடு மீன் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி ஏற்றும் வேலைக்குப் போனான். ஒரே வாசல் வழியாகப் போய்வந்தும் என்னோடு பேசவில்லை. அவன் மனைவி மட்டும் அவன் இல்லாத நேரத்தில் குழம்பு கொண்டுவந்து கொடுப்பாள்.

ஒரு மத்தியானம் அவன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடிவந்தான். குழந்தை மூச்சு இழுக்க இழுக்க விலா உள்ளே போய்ப் போய் வந்தது. பாய் மருந்துச் சீட்டுக்கூடக் கேட்கவில்லை. டாக்டருக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு, கடையில் இருந்த, மருந்தை ஆவியாக்கித் தரும் மெஷினை எடுத்துக் குழந்தையின் முகத்தில் வைத்தார். இரைப்பு மெல்ல அடங்கியது. தம்பி கடை வாசலுக்குப் போய் மூக்கை விடைத்துக்கொண்டு நின்றான். பெயிண்ட் கருகுகிற நாற்றம் அங்கே வரைக்கும் வந்தது.

"பிளைவுட்ட போட்டுகினு கீறானுங்க" என்றான். பிறகு என்னைப் பார்த்தான். அத்தனை மாதத்துக்கு அப்புறம் முதல் தடவையாக. "யக்கா, எவன்கிட்ட வந்து சொல்லணும், சொல்லு."

எவனிடம் சொன்னாலும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள் என்று அவனுக்கே தெரியும். எந்த வண்டி எப்போது பின்கேட்டுக்கு வரும் என்பதும் தெரியும். மறுநாள் காலையில் தெருப் பெண்கள் எல்லோரும் போய் ஒரு லாரியின் முன்னால் உட்கார்ந்தோம். போலீஸும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரியும் வரும்வரை எழுந்திருக்கவில்லை. அவர்கள் வந்ததும் தம்பி லாரி மேல் ஏறிக் கயிற்றை அவிழ்த்தான். மேலே இருந்த சவுக்குக் கட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினான். அடியில் கதவுகள். நீலம், பச்சை, காவி. ஒன்று யாருடைய பூஜை அறைக் கதவோ, மணி கோத்த ஓட்டைகளும் மஞ்சளும் குங்குமமும் அப்படியே இருந்தன. எங்கள் கூட்டத்தில் ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு அழுதாள். அதிகாரி போட்டோ எடுத்துக்கொண்டார்.

கொஞ்ச நாளில் உத்தரவு வந்தது. பெயிண்ட் அடித்த மரம் எரிக்கக் கூடாது. அவ்வளவுதான்.

"இனிமே சுத்தமான மரம் மட்டும்தாம்மா எரிப்பாங்க. உங்க பிரச்னை முடிஞ்சுது" என்றார் அதிகாரி.

"சுத்தமான மரத்துல பொகை வராதா சார்?" என்று கேட்டேன். அவர் அடுத்த ஃபைலை எடுத்துக்கொண்டார்.

நாற்றம் நின்றது. சாம்பல் நிற்கவில்லை. இப்போது வருவதெல்லாம் சவுக்குதான். எங்கிருந்து வருகிறது என்று டீக்கடையில் ஒரு டிரைவரைக் கேட்டேன். வடக்கே கடலோரத்தில் குப்பம் குப்பமாகத் தோப்பை வெட்டுகிறார்கள் என்றார். கடல் காற்றை மறிக்க நட்ட தோப்பு அது. அந்த ஊர்க்காரர்களை மொட்டை வெளியில் நிறுத்திவிட்டு, அந்த மரத்தைக் கொண்டுவந்து எங்கள் மார்பில் ஏற்றுகிறார்கள். இதற்குப் பெயர் கணக்கு நேராவதாம்.

போன வாரம் தம்பியும் நானும் மறுபடியும் மனுக் கொடுக்கப் போனோம். புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி படித்துப் பார்த்துவிட்டுச் சலித்துக்கொண்டார்.

"கரியும் வேணாம்னீங்க. இப்ப மரமும் வேணாங்கிறீங்க. பின்ன எதைத்தாம்மா எரிக்கிறது?"

"எத்த வேணா எரிங்க சார்" என்றான் தம்பி. "உங்க வூட்டாண்ட கொண்டுபோய் எரிங்க. அப்பால பேசலாம்."

எங்களை வெளியே போய் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தோம். ஆபீஸ் மூடுகிற நேரத்துக்கு பியூன் வந்து, ஐயா கிளம்பிவிட்டார், நாளைக்கு வாருங்கள் என்றான். மறுநாள் நான் பாயிடம் லீவு சொல்லிவிட்டேன், தம்பி ஐஸ் வேலையை முடித்துவிட்டு நேராக அந்த ஆபீசுக்கே வந்தான்.